கூப்பிட்டதும் திரும்பினாள்

என்னங்க,

பாப்பாவின் ஆட்டிசப் பயிற்சிக்கு அரசு காப்பீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்று காப்பீட்டு டாக்டர் அவளை நேரில் பார்த்தார். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவாளா?"

"இதுவரைக்கும் திரும்பினதில்லைங்க."

"எங்க, கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாலு வயதில் இதுதான் முதல் முறை. அனுமதி தராமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். டாக்டர் கவனித்திருக்கக் கூடாதே என்றுதான் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது?

"சத்தியமா இதுக்கு முன்னாடி இப்படித் திரும்பினதே இல்லை" என்று உளறினேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்போ சந்தோஷப்படுங்கம்மா. ஒரு தடவை திரும்பினதுக்காக யாரும் பயிற்சி வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளை அள்ளிக்கொண்டேன். அதற்குள் அவள் பார்வை மேசைக்குப் போய்விட்டிருந்தது.

'பிள்ளை நல்லாத்தான் இருக்கா, நீதான் பட்டம் கட்டுறே' என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனீர்கள். அதைப் பற்றி இப்போது பேச்செடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பயிற்சி தொடங்குகிறது. பெற்றவர்களில் ஒருவர் கூட இருந்தால் போதுமாம். இரண்டு பேரும் வரலாமா என்று கேட்டுவைத்தேன்.

வரலாமாம்.

பாப்பாவின் அம்மா