மாடி ஜன்னலில் நின்றவர்

என் பாலு அண்ணாவுக்கு,

நீ போன பிறகு செம்பாக்கம் வீட்டில் நான் மட்டும்தான். அண்ணி ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்கள் மகளோடு இருக்கிறார். மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் நிறைய.

நம் வீட்டில் எடுத்தார்களே அந்த மர்மப் படம், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். படப்பிடிப்பு நடந்த வாரம் எனக்குக் கல்லூரிப் பரீட்சை. அப்பா அம்மாவோடு சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். திரும்பி வந்தபோது லாரி, விளக்கு எல்லாம் போய்விட்டிருந்தன. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஒரே கூட்டம், ஒரே சத்தம்" என்றாய்.

படத்தில் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடி இன்ஸ்பெக்டர் வருவார். எல்லோருக்கும் வீட்டுக்காரர்மேல்தான் சந்தேகம். அந்த வீட்டுக்காரராக நடித்தவர் ஏகாம்பரம் சார். கொஞ்ச நேரம்தான் வருவார், ஆனால் படம் முடிந்தும் அவர் முகம்தான் கூடவே வரும். யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். சற்று விட்டு, தலையைச் சாய்த்து, வேறெங்கிருந்தோ ஒரு குரல் வந்ததுபோலத் திரும்புவார். அதற்காகவே அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீ ஒரே ஒரு முறை பார்த்தாய். "நல்லா பண்ணிருக்காரு" என்றாய், அவ்வளவுதான். பிறகு டிவியில் அது வந்தால் எழுந்து போய்விடுவாய். ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

தாம்பரத்தில் நான் போகும் திரைப்பட வட்டத்தில், பிடித்த துணை நடிகர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச்சு முடிந்ததும் படத்தையும் போடுவார்கள். நான் ஏகாம்பரம் சார் பெயரைக் கொடுத்தேன். நடிப்பை மட்டும் கவனிக்கலாம் என்று ஒரு மத்தியானம், சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன்.

அந்த ஜன்னல் காட்சி வந்தது. இன்ஸ்பெக்டர் நம் கேட்டில் நின்று மாடியைப் பார்த்துக் கூப்பிடுகிறார். மேலே ஒருவர் பாதி முதுகு தெரிய, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். திரும்பவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். அப்போதும் இல்லை. பிறகு மெதுவாக, கேட் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறார். முகம் முழுக்க நிழல். தியேட்டரில் எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்த இடம் அது.

சத்தம் இல்லாததால் என் கண் கம்பியைப் பிடித்த கையில் போய் நின்றது. சுண்டு விரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கிரிக்கெட் பந்து பட்டு உடைந்து, கோணலாகவே கூடிவிட்ட விரல். படத்தை நிறுத்தினேன். அது ஏகாம்பரம் சார் இல்லை, அண்ணா. நீ.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலேதான் அந்த ஜன்னல். டிவியில் நீ நிழலாக நிற்கிறாய். மேலே மாடி அறை சத்தமில்லாமல் இருக்கிறது. எழுந்து வெளியே போனேன். கேட்டில் இன்ஸ்பெக்டர் நின்ற அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். என்னை அறியாமல் "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டேன். பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது. பதில் வராது என்று தெரியும். தாமதமாக வந்துவிடுமோ என்பதுதான் பயமாக இருந்தது.

"யாரைக் கூப்பிடுறீங்க டீச்சர்? மேல யாரும் இல்லையே" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"யாருமில்லதான்" என்றேன்.

ஏகாம்பரம் சார் இப்போது பீர்க்கன்கரணையில் இருக்கிறார். எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் வழி சொன்னார், போனேன். வயதாகிவிட்டது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. உன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எனக்கு நல்ல காய்ச்சல்மா. உங்க அண்ணன் என் உயரம்தான். என் சட்டையைப் போட்டு அவரை நிக்க வெச்சாங்க. கீழருந்து கூப்பிட்டா திரும்பணும், அவ்ளோதான். கூப்பிட்டுகினே கீறாங்க, அவரு திரும்பல. டைரக்டர் கத்துறாரு. அப்புறம் மெதுவா, சம்பந்தமே இல்லாத பக்கம் திரும்புனாரு பாரு. நான் கீழ போர்வையப் போத்திகினு பாத்துகினு இருந்தேன். எனக்கே உதறிடுச்சு."

"அவர் நடிச்சாரா சார்?"

"நடிக்கலம்மா. அதான் விஷயம். அதைப் பாத்துட்டுதான் மீதிப் படம் முழுக்க நான் அதே மாதிரி பண்ணேன். டைட்டில்ல பேர் போடச் சொல்றேன்னேன். வேணாம் சார், வூட்ல யாருக்கும் தெரிய வேணாம்னுட்டாரு."

பிறகு, நான் கேட்காமலேயே செய்து காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, நான் கூப்பிட்டதுபோல வைத்துக்கொண்டு, சற்று விட்டுத் தலையைச் சாய்த்துத் திரும்பினார். என்னைப் பார்த்தது நீதான். முன்பின் பழக்கமில்லாத ஒரு கிழவரின் கழுத்தில், தோளில், நீ அப்படியே இருந்தாய். அழுகையா பயமா என்று எனக்கே தெரியாமல், விடைகூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக அண்ணியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு இடது காது கேக்காதே வத்சலா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, அண்ணா. ஒரே வீட்டில் வளர்ந்தும் தெரியாது.

"சின்ன வயசுல பொன்னுக்குவீங்கி வந்துதாமே, அப்ப போயிடுச்சு. ஒரு காது போச்சுன்னா சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னே தெரியாதாம். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கிட்ட தனியா சொல்லிட்டாரு. அவரோட அப்பா அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதன்னாரு. வருத்தப்படுவாங்களாம்."

கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டான், திமிர் பிடித்தவன் என்று அம்மா சொல்வாள். நாங்களும் அப்படியேதான் நினைத்தோம். நீயும் அப்படியே நினைக்க விட்டுவிட்டாய். ஊரே பார்த்து நடுங்கிய அந்தத் திரும்பல், எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நீ திண்டாடிய நேரம். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது? யாரிடமாவது சொன்னாயா?

கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று அண்ணியைக் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"மறைச்சதெல்லாம் அவங்களுக்காகத்தானே. இப்ப அவங்களும் இல்ல. சொல்லு. நானும் வரேன்" என்றார்.

பேய்ப் படம், கொலைப் படம் என்றால் எழுந்து ஓடுகிற அண்ணி, அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஏகாம்பரம் சாரைப் பற்றிப் பேசினேன். அவர் யாரைப் பார்த்து நடித்தார் என்பதையும், உன் பெயரையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அதுவே நன்றாக இருந்தது. பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

ஜன்னல் காட்சி வந்தபோது கூடத்தில் அசைவே இல்லை. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நீ திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். என் பக்கத்தில் அண்ணி லேசாக முன்னால் சாய்ந்தார். வீட்டில் உன்னைக் கூப்பிடும் அதே குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "என்னங்க, நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

நீ திரும்பினாய். எங்கள் பக்கமாக.

அத்தனை முறை பார்த்தவள்தான் நான். படம் ஒரு தடவை எடுத்தது எடுத்ததுதான், அதில் எதுவும் மாறாது என்பதும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நீ எங்களைப் பார்த்துத்தான் திரும்பினாய்; அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி உன்னைக் கூப்பிட்டுவிட்டு அவசரமாகப் போய்விட மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நின்றுகொண்டிருப்பேன், அண்ணா. நீ நிதானமாகத் திரும்பு.

உன் தங்கை,
வத்சலா