ராகலைத் தம்பி ஜெயித்த பந்தயம்

நேற்று முன்தினம் உங்கள் மகளின் ஜீன்ஸை ஊற வைக்கப் போனபோது பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. கடைப் பில் என்று நினைத்துக் கசக்கி எறியப் போனேன். பிரித்துப் பார்த்தால், போன ஞாயிற்றுக்கிழமை அவள் பைக்கில் ஓடிய ஓட்டத்தின் விவரம். பச்சை விளக்கு எரிந்து எவ்வளவு நேரத்தில் கிளம்பினாள், முதல் அறுபது அடியை எப்போது தாண்டினாள், கால் மைல் முடியும்போது என்ன வேகம், எல்லாவற்றையும் மெஷினே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பீர்கள். நான் உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் காலத்தில் சீட்டாவது மெஷினாவது. டயகமவிலிருந்து அட்டன் வரைக்கும் போனாலும் சேர்ந்தாற்போல் நூறு அடி நேரான ரோடு கிடையாது. அதனாலேயோ என்னவோ, நேராக ஓடும் பந்தயம் என்றால் உங்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். நுவரெலியாவைத் தாண்டி மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு ரோடு நீட்டாகக் கிடந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். தோட்டத்தில் குழி வெட்ட அளக்கிற கயிற்றைக் கொண்டுபோய் தூரத்தை அளந்தீர்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. ஒருவர் கைக்குட்டையைக் கீழே போட்டால் பந்தயம் தொடங்கிற்று என்று அர்த்தம். முடிகிற இடத்தில் இரண்டு பேர் நின்று யார் முதலில் வந்தது என்று சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது ஒரே ஆளைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்கு நடுவில் ராகலை பஸ் வந்துவிட்டால் எல்லோரும் ஓரமாக நின்று வழிவிட வேண்டும். டிரைவரும் கொஞ்ச நேரம் நிறுத்தி, யார் ஜெயித்தது என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நீங்கள் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். கையில் வேலை இருந்தது, உடம்பில் எடையும் இருந்தது. நூறு சிசி பைக்கைப் பாரம் குறைக்கிறேன் என்று ஸ்டாண்டைக் கழற்றினீர்கள், ஹார்னைக் கழற்றினீர்கள், சீட்டுக்குள் இருந்த பஞ்சைப் பிடுங்கினீர்கள். பிரேக் மிதியில் இடியப்ப உரல் மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போட்டீர்கள். கடைசியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய், கழற்றியதையெல்லாம் தராசில் போட்டுப் பார்த்தால் ஐந்து கிலோகூட வரவில்லை. "மொதல்ல நீங்க ஏறி நில்லுங்க" என்றேன். எண்பத்திரண்டு கிலோ. பிறகு விளையாட்டுக்கு நானும் ஏறினேன். நாற்பத்து மூன்று. கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கிற பழக்கதோஷத்தில், "ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பத்தாம் நம்பர் மலைக்கு மேலே உள்ள ரோட்டில் நீங்கள் எனக்கு பைக் ஓட்டப் பழக்கியது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அத்தைக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும். கொழுந்து பறிக்கிற மருமகள் காற்சட்டை போட்டு ஊர் நடுவில் பந்தயம் ஓடினாள் என்றால் அவர் என்னை மட்டுமல்ல, உங்களையும் சேர்த்து விரட்டியிருப்பார். அதனால் எனக்கு வேஷம் போட நீங்கள் ஒரு தம்பியை உண்டாக்கினீர்கள். ராகலையில் இருக்கும் சித்தப்பா மகன், ஒல்லியான பையன், யாரோடும் பேசமாட்டான். உங்கள் காற்சட்டையை இடுப்பில் கயிறு போட்டு இறுக்கி, காக்கி ஜாக்கெட்டை மாட்டி, முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட்டைப் போட்டு, ராகலைத் தம்பி ஸ்டார்ட் கோட்டில் வந்து நின்றான்.

எதிரில் அட்டன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ரிஸ்வான். அவருக்கு அப்போது இருபது வயது இருக்கும். புதுப் பைக், புது டயர். நீங்கள் அதுவரை ஒரு தடவைகூட அவரை ஜெயித்ததில்லை. என் காதோரம் வந்து, "கைக்குட்டைய மட்டும் பாரு புள்ள, அவனப் பாக்காத" என்றீர்கள். கைக்குட்டை விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் இரண்டு பக்கமும் முட்டைக்கோவா பாத்திகள் பச்சையாக ஓடியதும், அவருடைய எஞ்சின் ஒருமுறை வீணாக அலறியதும்தான். கோட்டில் நின்ற இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே ஆளைக் காட்டினார்கள். அந்த அளவுக்கு நான் முன்னால் இருந்தேன்.

நீங்கள் சொன்னபடி நான் நிற்காமல் வளைவு தாண்டிப் போய்க் காத்திருந்தேன். அங்கே கைதட்டல் கேட்டது. விசில் கேட்டது. "ராகலைத் தம்பி" என்று கத்துவது கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல், கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் தனியாக நின்றேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே பந்தயம். அது பிறக்காத ஒருவன் பேரில் போய்விட்டது.

அத்தை இருக்கும்வரை நானே வாயைத் திறக்கவில்லை. ஆனால் உங்கள் கூட்டாளிகள் என்னைச் சும்மா விட்டார்களா? கோயில் திருவிழாவில் பார்த்தால், "ராகலைத் தம்பி சொகமா இருக்கானா?" என்பார்கள். நீங்கள் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "நல்லா இருக்கான், இப்பதான் சாப்புட்டான்" என்பீர்கள். மகள் பிறந்தபோது ரிஸ்வான் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பி, "ராகலைத் தம்பிக்குக் குடுங்க" என்றாராம். இல்லாதவனுக்குப் பேரீச்சம்பழமா என்று எரிச்சலில் பெட்டி முழுக்க நானே தின்று தீர்த்தேன். அத்தை போன பிறகு ஒரு நாள் கேட்டேன். "இனிமேலாவது சொல்லுங்களேன், ஓட்டுனது நான்னு." நீங்கள் சிரித்துக்கொண்டே, "விடு புள்ள, இப்ப என்னத்துக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து இரண்டு நாள் உங்களுக்குச் சோறு இல்லை, ரொட்டியும் சம்பலும்தான். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போனீர்கள். அழுது முடித்த பிறகும் அந்தக் கோபம் ஒரு மூலையில் இருந்தது. என் வெற்றியைக் கூடவே கொண்டு போய்விட்டாரே என்று.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கீழே, வெயில் கொளுத்துகிற ஊரில், விமான ஓடுபாதையில் பந்தயம். நீங்கள் பார்க்க வேண்டுமே. கைக்குட்டைக்குப் பதிலாக ஒரு கம்பத்தில் விளக்குகள். மஞ்சள் எரிந்து பச்சை வரும்; அதற்கு முன்னால் அசைந்தால் சிவப்பு எரிந்து, நீ வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடும். வாதாட ஆளே இல்லை. ஓடுவதற்கு முன் டயரைத் தண்ணீரில் சுழற்றிப் புகைய விட்டுச் சூடாக்குகிறார்கள். மலைக் காற்றுக்கு வைத்த செட்டிங் கீழே சரிவராது என்று நீங்கள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் கிடப்பீர்களே, உங்கள் மகள் போனில் தட்டுகிறாள், எஞ்சின் தானே மாற்றிக்கொள்கிறது. பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அவளோடு இன்னும் மூன்று பெண் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பேரிலேயே ஓடினார்கள். ஒலிபெருக்கியில் வினோதினி என்று கூப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓடவிடுமுன் ஆளையும் பைக்கையும் சோதிக்கிறார்கள். ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட், கணுக்கால் மூடுகிற பூட்ஸ், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள். சோதித்தவர் யார் தெரியுமா? ரிஸ்வான். தாடி நரைத்துவிட்டது. மகளின் பூட்ஸைக் குனிந்து அழுத்திப் பார்த்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து அப்படியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்க மக பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்திருக்கா அக்கா. நீங்க செருப்போடதான வந்து நின்னீங்க."

"நான் எங்க வந்தேன்?" என்றேன்.

"எனக்குப் பக்கத்துலதான். கியர் போடக் காலத் தூக்குனீங்க, வெரல்ல மெட்டி மின்னுச்சு. எந்த ஊரு தம்பிடா மெட்டி போட்டிருக்கான்னு பாத்துக்கிட்டே நின்னுட்டேன். அதனாலதான் தோத்தேன்."

எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள். "அதனால ஒண்ணும் இல்ல. ஒங்களுக்கு ரெண்டாவது கியர் விழல, அதனால தோத்தீங்க" என்று சொல்லியே விட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அண்ணன் அன்னைக்கே எங்ககிட்ட ஓடி வந்துட்டாரு" என்றார் ரிஸ்வான். "மூஞ்சி பூரா பல்லு. 'ஓட்டுனது என் பொஞ்சாதிடா. தெரிஞ்ச மாதிரி யாராவது காட்டிக்கிட்டீங்க, வெக்கப்பட்டுக்கிட்டு அவ இனிமே பைக்கத் தொடமாட்டா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நாப்பது பேரு இருந்தோம். நாங்க கைதட்டுனது ஒங்களுக்குத்தான் அக்கா. அப்பறம் வருஷா வருஷம், இந்த சீசன் பந்தயத்துக்கு அவளக் கூட்டிக்கிட்டு வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லப்போறேன்னு சொல்வாரு. வருஷந்தான் போச்சு."

நான் அப்படியே பைக் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பேரீச்சம்பழம் எனக்கே வந்தது. திருவிழாவில் கேட்ட சுகம் என் சுகம். ஊரே என்னிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறது, நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நீங்கள் அவர்களிடம் சொன்னது சரிதான். ஓட்டியது நான்தான் என்பது நாற்பது ஆண்களுக்கும் தெரியும் என்று அன்றைக்கே அறிந்திருந்தால் ஒரு மாதம் லயத்து வீட்டை விட்டு வெளியே வந்திருக்கமாட்டேன். அதற்குப் பிறகு மகள் வயிற்றில் வரும்வரை மேல் ரோட்டில் ஓட்டினேனே, அந்த ஓட்டமெல்லாம் எனக்கு இல்லாமல் போயிருக்கும். ஆனாலும் அத்தை போன பிறகாவது சொல்லியிருக்கலாம். சண்டை என்று சொன்னேனே, அது இதுதான். இவ்வளவு நல்ல விஷயத்தை ரிஸ்வான் வாயால் கேட்க வைத்துவிட்டீர்கள்.

மகள் இரண்டாவது சுற்றில் தோற்றாள். வேனில் திரும்பி வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டன் வரும்வரை கேள்வி மேல் கேள்வி, அப்பா என்ன சொன்னார், கிளச்சை எப்படி விட்டாய், பயமாக இருந்ததா என்று. எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் உங்கள் மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணோம். அது இருந்த இடத்தில் நீங்கள் பல்லெல்லாம் தெரிய நாற்பது பேர் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கே போனாலும் அப்படியே கூட வருகிறீர்கள்.

இன்று காலை மகள் வேலைக்குப் போகிற பைக்கின் சாவியை வாங்கிக்கொண்டேன். பெரட்டு நேரம், பேர் பதிந்து வேலை பிரிக்கிற நேரம். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். சேலையைச் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. "வளைவு ஈரமா கெடக்கு, பாத்துப் போங்க" என்றாள் ஒருத்தி, தினமும் நான் அப்படிப் போகிறவள் மாதிரி. ஹெல்மெட் போட்டிருந்தேன். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டிருந்தேன், முகம் தெரியட்டும் என்று.