எனக்கு முன்பே வந்துபோன அம்மை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். என்னோடு தங்கியிருக்கும் டிரைவருக்கு அம்மை போட்டது. மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார்கள். "எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயசுலயே வந்துபோச்சு, நான் பாத்துக்கறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தி நான்தான் கஞ்சி ஊற்றினேன். நீங்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதானே! அவர் எழுந்து வண்டி ஓட்டப் போய்விட்டார். இப்போது நான் படுத்திருக்கிறேன். முகத்தில் ஊசி குத்த இடமில்லை. நான் வேலை பார்க்கும் லாண்ட்ரியில் தேய்ப்பு மேசைப் பக்கமே வராதே என்றுவிட்டார்கள்.

டாக்டர் சிரித்தார். "ஒரு தடவை வந்தா பொதுவா திரும்ப வராதுப்பா. அப்ப வந்தது வேற ஏதாவது கொப்புளமா இருக்கும்."

தொண்டையிலும் கொப்புளம். அதனால்தான் போனில் பேசாமல், எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய நூல் புடவை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். இங்குள்ள போர்வை உடம்பில் ஒட்டுகிறது.

அம்மா, எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது என்பீர்களே. எனக்கு வந்தது அம்மை இல்லையென்றால், அக்காவுக்கு வந்தது என்ன? மாசமாக இருப்பவள் தினமும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறாள். நாளை அனுப்பாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போய், நிஜமாகவே அம்மை வந்துபோனதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "எனக்குத்தான் வந்துபோச்சே" என்று அவளும் நெஞ்சை நிமிர்த்துவாள்.

என் முகத்தையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டாம். அவளிடம் காட்டுங்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகன்