கசங்கிய சட்டை ஊர்வலம்

அன்பு மகள் குட்டிமாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டது, மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக் காட்டுகிறார், பார்க்கிற எனக்குத்தான் நெஞ்சு வலி வருகிறது. உன் அண்ணி உண்டாகியிருக்கிறாள், மூன்றாம் மாதம், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, அவளே போன் பண்ணும்போது புதிதாகக் கேட்பதுபோல் கத்து. இப்போது நம் லாண்டரிக் கடையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பதறி டிக்கெட் போட்டுவிடுவாய், அதனால்தான் கடிதம். நல்லபடியாகவே முடிந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன்னை ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வேன் மாமாவை மறந்திருக்க மாட்டாய். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அன்று உன்னைத் தோளில் தூக்கிவந்து என் கையில் கொடுத்தவர். பள்ளிக்கூடத்தில் வேறு கம்பெனிக்கு வேலையைக் கொடுத்ததிலிருந்து மனுஷன் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். போன வருஷம் சைக்கிள் கடை மாடியில் 'நம் தெருக் காவலர் சங்கம்' என்று போர்டு மாட்டினார்கள், அவருக்கு அங்கே ஒரு நாற்காலி, ஒரு பேட்ஜ், பகுதிப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி. அங்கே பேசுவதெல்லாம் ஒரே பேச்சுதான், வெளியிலிருந்து வந்தவர்கள், நிறம் வேறு, முகம் வேறு, நம் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள் என்று. போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு பெரிய பையோடு கடைக்கு வந்தார், முப்பது சட்டை, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமாம், மொடமொடவென்று கஞ்சி போட்டு வேண்டுமாம். நானும் வேலை மும்முரத்தில் எந்த ஊர்வலம் என்றுகூடக் கேட்காமல் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டேன்.

துணி வந்தால் முதல் வேலை சட்டைப் பையைத் துழாவுவது, உனக்கே தெரியும், ஒரு பேனா தங்கிவிட்டால் முப்பது சட்டையும் நீலமாகிவிடும். அப்படித் துழாவியதில் ஒரு சட்டையிலிருந்து நாலாக மடித்த காகிதம் வந்தது. பதினேழு வீடுகளின் கதவு எண், ஒவ்வொன்றுக்கும் எதிரே அங்கே எத்தனை பேர், வீட்டு ஆம்பளை எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறான் என்று எழுதியிருந்தது. பதினேழும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடு. நாலாவது எண் நம் கடையில் துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா வீடு, எதிரே 'பொம்பளை மட்டும், இரண்டு பிள்ளைகள்' என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கால் உதறிவிட்டது. அவள் பக்கத்திலேயே நின்று படித்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறாள், இன்னும் அப்பாவை 'அவள் வந்தாள்' என்றுதான் சொல்கிறாள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். காகிதத்தை அழகாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “நாளையிலேர்ந்து நான் வரலேம்மா, என்னால உங்க கடைக்கு எதுக்கு வம்பு” என்றாள். நான் சொன்னேன், “நீ வரலேன்னா காலரை யாரு தேய்ப்பா, முப்பது வருஷமா கடை நடத்துறேன், எனக்கு இன்னைக்கு வரைக்கும் காலர் ஒழுங்கா வரல.” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திருப்பிப் பார்த்துவிட்டு, இது வெறும் அட்ரஸ்தானே, இதில் என்ன குற்றம் என்றார். உன் அப்பா சத்தமே போடவில்லை. “அப்போ உங்க வீட்டு அட்ரஸையும் நீங்க டூட்டிக்குக் கிளம்புற நேரத்தையும் எழுதி நாலு தெருவுல ஒட்டிடவா சார், வெறும் அட்ரஸ்தானே” என்று கேட்டுவிட்டு பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து வந்து வாங்கிப் படித்தாள், புகாரை அவளே எழுதி வாங்கினாள்.

மறுநாள் வேன் மாமாவைக் கூப்பிட்டு, இந்தச் சட்டை என் மெஷினில் ஏறாது அண்ணா என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். தொழில்தானே, உனக்கென்ன வந்தது என்றார். ஒரு சட்டைப் பையில் என்ன இருந்தது என்று சொன்னேன், நாலாவது எண் யாருடையது என்பதையும் சொன்னேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மார்க்கெட் பக்கத்து லாண்டரிக்காரர் என்னோடு ஆறு வருஷமாகப் பேசுவதில்லை, தெரியுமில்லையா, அன்று சாயங்காலம் அவரே போன் பண்ணி, பை என்னிடம் வந்தது, நானும் திருப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டார். அடுத்த நாலு நாளும் நானும் அப்பாவும், ஊர்வலத்தன்று வாசலில் துணைக்கு உட்காருவோம் என்று சொல்லிப் பதினேழு வீட்டுக்கும், பக்கத்து வீடுகளுக்கும் ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் நாங்கள் இன்சூரன்ஸ் விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவையே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பதினேழு வாசலிலும் அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோஷமும் இல்லை, கொடியும் இல்லை, சிலர் பேப்பர் படித்தார்கள், நாங்கள் இஸ்திரி அக்கா வாசலில் சீட்டு விளையாடினோம், அப்பா வழக்கம்போல அழுகுணி ஆட்டம். முந்நூறு பேர் வருவார்கள் என்று நோட்டீஸ், வந்தது நாற்பதுக்குள், முன்வரிசையில் நாங்கள் திருப்பிக் கொடுத்த அதே யூனிபாரம் சட்டைகள், எல்லாம் சுருட்டிக் கிடந்ததை உதறிப் போட்ட மாதிரி. இஸ்திரி அக்கா கூர்ந்து பார்த்துவிட்டு, “அம்மா, அந்த மூணாவது ஆளு காலரைப் பாருங்க, நாய் மென்னு துப்பின மாதிரி இருக்கு” என்றாள். வாசலே குலுங்கிச் சிரித்தது. ஆனால் குட்டிமா, என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. வேன் மாமா இரண்டாம் வரிசையில் தரையைப் பார்த்தபடி போனார்.

பட்டியல் எழுதிய இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். சங்கத்தை ஒரு வாரம் மூடினார்கள், பிறகு திறந்துவிட்டார்கள், போர்டு அப்படியே தொங்குகிறது. அப்பாவின் சின்ன வயதில் இதே கூட்டம் வேறு பெயரில் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்ததாம், அவர்கள் அடையாளத்தை மாற்றுவார்கள், பேச்சை மாற்ற மாட்டார்கள் என்கிறார். வேன் மாமா போன வியாழக்கிழமை கடைக்கு வந்தார். “அந்த லிஸ்ட் எனக்குத் தெரியாது தங்கச்சி” என்றார். நம்புவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. “சரிண்ணா, இப்ப தெரிஞ்சுபோச்சே, என்ன செய்யப் போறீங்க” என்று கேட்டேன். அன்று நான் போட்டுக் கொடுத்த ரசீதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பேட்ஜ் மட்டும் சட்டையில் இல்லை, கழற்றிப் பையில் வைத்திருந்தாரோ என்னவோ.

இனி உன் விஷயம். நீ வேலைக்குப் போயிருக்கும் நாட்டில், பஸ்ஸில் ஒருவன் உன் நிறத்தைச் சொல்லித் திட்டி, எழுந்திரு என்றானாமே, நீயும் எழுந்து கடைசி ஸ்டாப் வரை நின்றுகொண்டே போனாயாமே. அம்மாவிடம் சொல்லாதே என்று அப்பாவிடம் சொன்னாயாம், போயும் போயும் அவரிடமா, கல்யாணமான நாளிலிருந்து ஒரு ரகசியத்தை அவர் ராத்திரி வரை வைத்திருந்ததில்லை. நீ எழுந்துவிட்டதற்காக வெட்கப்படாதே, பயந்த உடம்பு அப்படித்தான் செய்யும், எனக்கும் கால் உதறியது. ஆனால் பஸ் நம்பரும் தேதியும் எழுதிப் புகார் கொடு, தனியாகப் போகாதே, கூட வேலை செய்கிறவளை அழைத்துக்கொண்டு போ. கேட்டால் வருவாள், கேட்காமல் இருந்துவிடாதே. கொடுத்ததும் எனக்கு நேராக எழுது, அப்பா வழியாக வேண்டாம். ஆயுசும் ஆரோக்கியமுமாக நன்றாக இரு கண்ணு. நாளைக்கும் அதே பஸ்ஸில் ஏறு, ஜன்னலோரம் காலியாக இருந்தால் உட்கார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா