வெளுத்த வளையங்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

"கிருமி நல்லதும் செய்யுமா டீச்சர்?" என்று மேடவாக்கம் பள்ளியில் ஒரு பெண் கேட்டாள். உறை மோரை உதாரணம் சொன்னேன். அது இல்லாமல் பால் தயிராகாது.

பெரிய மீன் தொட்டியின் தண்ணீரைச் சுத்தம் செய்யப் புது கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கினோம். பழைய ஃபில்டரின் பீங்கான் வளையங்களை அப்படியே இதில் போட வேண்டும். மீன் கழிவைத் தின்னும் கிருமிகள் அவற்றில்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை வீடு கழுவிய கையோடு, என் கணவர் அவற்றையும் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, மாடியில் காயவைத்துவிட்டார்.

"பாரு, உன் பல்செட் மாதிரி பளபளன்னு இருக்கு!"

அவருடைய தம்பி இறந்த பிறகு அன்றுதான் சிரித்தார். பிளீச்சிங் பவுடரில் கிருமிகள் செத்திருக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவற்றையே போட்டோம்.

இன்று தண்ணீர் கலங்கிவிட்டது. இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாதித் தண்ணீரை மாற்றியும் பயனில்லை.

"நான் கழுவினதாலயா?"

"லாரித் தண்ணி சரியில்லைங்க."

அவர் நம்பவில்லை. சாப்பிடாமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்தார். ஒன்றாவது பிழைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலையில் அவர் எழுந்திருக்கும் முன் செத்தவற்றை நான் எடுத்துவிட வேண்டும். வளையத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.