வெங்காயத்துக்கு ஒரு கத்தி

ஜனவரி 5, ஞாயிறு

இன்று வெங்காயம் நறுக்கினேன் என்று எழுதினால் பொய். நசுக்கினேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கத்தி. பல் வைத்தது, மஞ்சள் பிடி, பிடியில் பாதி என்றோ அடுப்புச் சூட்டில் உருகிப்போனது. தக்காளியை அது வெட்டுவதில்லை, மிரட்டுகிறது. தக்காளி பயந்துபோய்த் தானாகவே கூழாகிவிடுகிறது.

இவர் வெள்ளிக்கிழமைதான் தோஹாவிலிருந்து விடுமுறைக்கு வந்தார். அங்கே ஒரு கேட்டரிங் கம்பெனியில் சூப்பர்வைசர். அதனால் எங்கு நின்றாலும் மேற்பார்வைதான். சமையலறை வாசற்படியில் நின்று நான் நறுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மட்டும் கால் வைக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்தே அப்படித்தான்.

"இது கத்தியா, ரம்பமா? இத வெச்சிக்கிட்டா இத்தன வருஷம் எனக்குச் சமைச்ச?"

"உங்களுக்கு எங்கங்க சமைச்சேன்? ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டிதான வர்றீங்க."

வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தேன். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் வேடிக்கையாக இல்லை. பிப்ரவரிக் கடைசியில் திரும்பிப் போக வேண்டும். "போறதா வேணாமான்னு பாக்கலாம்" என்கிறார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று.

ஜனவரி 7

நாள் முழுக்கப் போனில் கத்தி கத்தியாகப் பார்க்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

ஜனவரி 11

இவர் பார்ப்பது பற்றாது என்று மகள் அப்ரினும் அத்தாவோடு சேர்ந்துகொண்டாள். பிளஸ் டூ படிக்கிற பெண், கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கத்தியை ஆர்டர் போட்டுவிட்டாள். பீங்கான் கத்தியாம். துருப் பிடிக்காதாம். ஆப்பிள் கறுக்காதாம். எங்கள் வீட்டில் ஆப்பிள் கறுக்கும்வரை யார் விட்டுவைக்கிறார்கள்?

எங்கேயோ இருக்கிற மண்ணைச் சுட்டு, பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கே அனுப்புகிறான் பாருங்கள், அந்தத் தைரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 16

கத்தி வந்துவிட்டது. கம்பெனிக்கு எடுத்துப் போனேன். நான் வேலை பார்ப்பது பீங்கான் பொம்மைக் கம்பெனி. மயில் பொம்மைகளுக்குக் கண் வைப்பது என் வேலை.

சூளை பார்க்கும் விருத்தகிரி அண்ணன் கத்தியை வாங்கி நகத்தால் தட்டினார். டிங் என்றது. காதோரம் வைத்து இன்னொரு தட்டுத் தட்டினார்.

"இது நம்ம கக்கூஸ் பேசினுக்குப் பெரியப்பா புள்ளம்மா. ஆளு கெட்டிதான். ஆனா கோவக்காரன். ஒரு எடம் இடிச்சா வூட்ட வுட்டுப் போயிடுவான்."

பக்கத்து இருக்கை மதிவதனி சும்மா இருப்பாளா? "குடுங்கக்கா" என்று பிடுங்கி, கைப்பிடியில் ஒரு மயில் கண்ணை வரைந்து கொடுத்துவிட்டாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமேல் நான் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அது என்னையே பார்க்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

கோவக்காரன் போய்விட்டான்.

பறங்கிக்காயைப் பிளக்கும்போது கொஞ்சம் திருகிவிட்டேன். டக். நுனியைக் காணவில்லை. கவனிக்கும்போது நறுக்கியதெல்லாம் தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் குழம்பில் வெள்ளைத் துண்டு!

"காந்தம் கொண்டா" என்றார் இவர்.

"அத்தா, அது பீங்கான்" என்றாள் அப்ரின்.

"அப்ப வடிகட்டி கொண்டா."

வடிகட்டினோம். சமையலறை வாசற்படியில் தாம்பாளத்தை வைத்துப் பரப்பினோம். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. "இந்தா இருக்குது!" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கத்தினோம். எடுத்ததெல்லாம் தேங்காய்த் துருவல். இவர் பயந்துபோய்ப் பறங்கிக்காயை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தார். நல்ல குழம்பு மருதாணி விழுதுபோல ஆனது. கடைசியில் அந்த நுனி எங்கே இருந்தது தெரியுமா? மேடைமேல் மிச்சமிருந்த பாதிப் பறங்கிக்காயில். அடித்த ஆணிபோல அசையாமல் குத்திக்கொண்டு நின்றது.

குழம்பைக் கொட்டிவிட்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டோம். வெங்காயம் போடாமல். பழைய ரம்பத்தைத்தான் புதுசு வந்த அன்றே இவர் குப்பையில் போட்டுவிட்டாரே, நறுக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 20

விருத்தகிரி அண்ணனிடம் நான் வாயே திறக்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டானா?" என்றார்.

ஜனவரி 25

இந்த முறை இவரே புதுச்சேரிக்குப் போய் வாங்கி வந்தார். பஸ்ஸில் வரும்போது பேப்பர் சுற்றி மடியில் வைத்திருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னவென்று கேட்டாராம், "கத்தி" என்றாராம், அவர் எழுந்து நின்றுகொண்டே விருத்தாசலம்வரை வந்தாராம்.

அது கத்தி இல்லை. என் முழங்கை நீளம். கையில் பிடித்தால் சமைக்கப் போகிறவளாகத் தெரியவில்லை, போருக்குப் போகிறவளாகத் தெரிகிறேன். ஒரு பூண்டுப் பல்லை நறுக்கப் பார்த்தேன். பூண்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"பழகிடும்" என்றார்.

"யாருக்கு? எனக்கா, பூண்டுக்கா?"

ஜனவரி 29

இதை எப்படி எழுதுவது.

மாலையில் சின்ன வெங்காயம் உரித்ததில் கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இவர் புழக்கடைக் குழாயில் அந்தக் கத்தியைக் கழுவி எடுத்து வந்தார். துடைப்பதற்கு என் புதுத் துண்டை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். இவர் கையில் கத்தியோடு போய்க் கதவைத் திறக்கிறார். நான் பின்னாலேயே ஓடி, "வேணாங்க! சொன்னா கேளுங்க! கீழ வைங்க!" என்று கத்துகிறேன். துண்டைச் சொன்னேன்.

வாசலில் பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா. கத்தியைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார்.

"கறிவேப்பிலக்கி... அப்பறமா வரேன்."

போயே போய்விட்டார். ஒற்றைச் செருப்பு இன்னும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது.

ஜனவரி 30

காலையிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நல்லா இருக்கியா?" என்று இழுத்துக் கேட்கிறார்கள். கம்பெனியில் மதிவதனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னா கஷ்டம்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

"கத்தி ரொம்பப் பெருசா இருக்குதுடி" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரி 31, வெள்ளி

எங்கள் பக்கத்து மங்களூரிலிருந்து, கர்நாடகத்து மங்களூர் இல்லை, என் தம்பி அஷ்ஃபாக் வந்தான். ஜும்மா தொழுத கையோடு பஸ் ஏறி, கூடவே இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு. வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். கடைசியில் தம்பிதான் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், கோவம் எல்லாருக்கும் வர்றதுதான்..."

"யாருக்குக் கோவம்?" என்றார் இவர்.

"எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். கத்தி வரைக்கும் போவணுமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் தலை குனிந்துகொண்டார்கள்.

நடந்ததைச் சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. "அந்தக் கத்திய கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் ஒரு பெரியவர். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். வெங்காயக் கூடையும் பலகையும் கத்தியுமாக வந்து அவர்கள் எதிரில் உட்கார்ந்தார்.

நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. விரல்களை மடக்கிக்கொண்டார். கத்தி நுனி பலகையை விட்டு எழும்பவே இல்லை. டகடகடக என்று ஒரே சத்தம். வெங்காயம் ஒரு கணம் முழுசாக நிற்பதுபோல நின்று, அப்படியே பொடிப்பொடியாகச் சரிந்தது. இவர் வெங்காயத்தைப் பார்க்கக்கூட இல்லை. தம்பியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். கூடை காலியாகிவிட்டது.

பெரியவர் டீயைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"மச்சான்," என்றான் தம்பி, "சூப்பர்வைசருக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

கை நின்றது.

"சூப்பர்வைசர்லாம் இல்ல மாப்ள. காய் நறுக்கற வேல. போனதுலேருந்து அதான்."

பெரியவர்தான் வெங்காயத்தை விரலால் எடுத்துப் பார்த்து, "நல்லா பொடியா இருக்குது" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்கள். அப்ரின் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 1

எதுக்குப் பொய்? எங்கிட்ட எதுக்கு? நான் என்னா மகாராணியா? நானே மயிலுக்குக் கண்ணு வெச்சிப் பொழைக்கறவ. காய் நறுக்கறேன்னு சொல்லியிருந்தா வேணாம்னுட்டுப் போயிருப்பனா? ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சனே. நேத்து வந்த பெரியவருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல.

கோபம் ஒரு பக்கம். மலைபோல நறுக்கிய வெங்காயம் ஒரு பக்கம். கோபம் கெடாது, வெங்காயம் கெட்டுப்போகும். வெங்காய போண்டா, வெங்காயச் சட்னி, வெங்காயக் குழம்பு. அழுதுகொண்டே செய்தேன். வெங்காயத்தைக் குறை சொல்லவும் முடியாது, அதுதான் நேற்றே நறுக்கியாகிவிட்டதே.

பிப்ரவரி 3

பரணிலிருந்து அரிவாள்மனையை இறக்கிவிட்டேன். தரையில் உட்கார்ந்து குனிந்தபடி நறுக்கினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 5

இவர் சமையலறைக்குள் வந்தார். எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் முருங்கைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிக்காஹ் பேசும்போது எங்க மாமா சூப்பர்வைசர்னு சொல்லிட்டாரு. அப்பறம் அந்தப் பட்டத்த எறக்கி வெக்க எடம் கெடைக்கல, சுல்தானா."

நான் அடுத்த முருங்கைக்காயை எடுத்தேன்.

"இந்தப் பக்கம் வந்தா கை தானா கத்திய எடுத்துடும். நீ கண்டுபுடிச்சிடுவ. அதான் உள்ளயே வராம இருந்தேன்."

அதைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக வாசற்படியில் நின்றதைத் திமிர் என்றல்லவா நினைத்தேன்.

"அங்க என்னா நறுக்குவீங்க?"

"எல்லாந்தான். வெங்காயந்தான் நெறைய."

"அழுவீங்களா?"

"மொத வருஷம்."

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அப்ரினின் குரல்: "அத்தா, கேரட்ல ரோஜாப்பூ செய்யத் தெரியுமா?"

தெரிந்திருந்தது. அந்தப் பூதக் கத்தியால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரோஜா. அவள் அதைத் தின்னவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடைவீதியில் கோதண்டபாணி பாத்திரக் கடைக்குப் போனோம். இவர் வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ புடிச்சிப் பாரு. மொத தடவ நான் என் கைக்கு வாங்கிட்டேன். ஒன் கை வேற."

ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஒன்று கனம். ஒன்று பிடி வழவழப்பு. "தண்ணி இருக்குதுங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, என் கையை நனைத்து மறுபடியும் பிடிக்கச் சொன்னார். "சமைக்கறப்ப கை ஈரமாதான இருக்கும்? வழுக்கினா வேணாம்." கத்தியின் அடிப்பகுதியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக எப்படிப் பிடிப்பது என்று என் விரலை எடுத்து வைத்துக் காட்டினார். நடுக்கடையில். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கல்யாணப் பொடவ எடுக்கறவங்ககூட இவ்ளோ நேரம் நிக்கமாட்டாங்கம்மா" என்றார் கோதண்டபாணி.

அதோடு விட்டாரா? எதிர்த் தள்ளுவண்டியில் தக்காளி வாங்கி வந்து, பேப்பர் விரித்து வெட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. ஒரு அம்மா, "தம்பி, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடேன்" என்றார். அப்புறம் இன்னொருத்தர். அவரவர் கையைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கோதண்டபாணி எங்களுக்கு டீ வரவழைத்தார்.

நான் எடுத்தது ஒரு சாண் நீளம், மெல்லிய தகடு, சொரசொரப்பான மரப்பிடி. பளபளப்பு ஒன்றும் இல்லை. தக்காளிமேல் வைத்து இழுத்தேன். வெட்டுப்பட்டது தக்காளிக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 16

தோஹாவிலிருந்து போன். டிக்கெட் போடலாமா என்று கேட்கிறார்கள் போல. இவர் தெருவுக்குப் போய்ப் பேசினார். நான் கேட்கவில்லை. கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகவே குழம்பில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20

பள்ளிவாசலிலிருந்து ரியாஸ் பாய் வந்தார். ரமலானுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு அவருடையது.

"அலாவுதீன், ஒன் கை வேகத்தப் பத்தி மங்களூர் வரைக்கும் பேசிக்கறாங்க. கஞ்சிக்குத் தெனமும் மூட்ட வெங்காயம். வந்து நறுக்கிக் குடுக்க முடியுமா?"

"மாசம் முழுக்கவா பாய்?"

"நோன்பு முழுக்கத்தான்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பால் பொங்குகிறதா என்று பார்த்தேன். அடுப்பில் பாலே இல்லை.

"சரி பாய்," என்றார், "வரேன்."

ரியாஸ் பாய் போன பிறகு, "டிக்கெட்டு?" என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

"வேணாம்னு அன்னிக்கே சொல்லிட்டேன். நீ கேப்பன்னு பாத்துட்டு இருந்தேன்."

நாலு நாளா! நான் கத்தரிக்காயை முழுசாகப் போட்ட குழம்பை நாலு நாளுக்கு முன்னால் வாயைத் திறக்காமல் தின்றவர்!

மார்ச் 6, வியாழன்

இவர் மதியமே பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார். பெரிய கத்தி அங்கேயே இருக்கிறது. தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறதாம். கல்யாண பிரியாணி போடுகிற ஒருவர் பெருநாள் கழிந்ததும் தன்னோடு வேலைக்கு வரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கஞ்சி வாங்க வந்த நீலாவதி அக்கா, இவர் எதிரிலேயே நின்று, "சின்ன வெங்காயத்தையும் இப்பிடி வெட்ட முடியுமா தம்பி?" என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறை. நான் பழம் நறுக்க எடுத்தால் கத்தியை இவர் வைத்திருக்கிறார். இவர் சமோசாவுக்குக் கோஸ் அரிய வந்தால் நான் வைத்திருக்கிறேன். "குடுங்க." "இரு." "குடுங்கறேன்." "தர்பூசணிய இவ்ளோ தடியா வெட்டாத." நோன்பு வைத்துக்கொண்டு தினமும் இதே சண்டை.

இன்று இன்னொரு கத்தி வாங்கிவிட்டோம். மேடையில் இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை. மிக்சியை ஹாலுக்கு மாற்றிவிட்டேன்.