காணாமல் போனவன் ஆண், கிடைத்த எலும்பு பெண்

அனுப்புநர்:
அ. வினோலியா (வயது 16),
த/பெ அந்தோணிராஜ்,
நாகல் நகர், திண்டுக்கல்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: சிறுமலைப் பாதையோரம் கிடைத்த எலும்புகளை எங்கள் வீட்டு ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெரியவர்கள் எழுத வேண்டிய மனு இது. அப்பா பேசுவதில்லை, அம்மா எழுத விடுவதில்லை. ஆகவே வீட்டில் வாய் அதிகமுள்ள ஆள் எழுதுகிறேன். நீளும் இடங்களில் பொறுத்துக்கொள்ளவும்.

2. என் அண்ணன் ஜெரின், வயது 22, ஒரு திருநம்பி. பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்ந்தவன். ஹார்மோன் ஊசி போட்ட ஒன்றரை வருடத்தில் குரல் உடைந்தது, மீசை அரும்பியது. அது மீசையா, டீ குடித்துவிட்டுத் துடைக்கவில்லையா என்று தினமும் கேட்பேன். அவனுக்கு அதில் ஏக சந்தோஷம். கேலி மீசையைப் பற்றித்தானே.

3. சென்ற நவம்பரில் சிறுமலையில் நண்பனைப் பார்க்கப் பஸ் ஏறியவன் திரும்பவில்லை. அப்பா காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். ஆணா பெண்ணா என்று எழுத்தர் கேட்டார். மூன்று வருடமாக அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடாத அப்பா, ஆண், என் மகன் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

4. ஆகஸ்டில் எலும்புகள் கிடைத்தன. டாக்டர் இடுப்பெலும்பையும் தொடையெலும்பையும் அளந்து, பெண், இருபதிலிருந்து இருபத்தைந்து வயது, ஐந்தடி உயரம் என்று எழுதினார். அளவில் தப்பில்லை ஐயா. ஊசி குரலை மாற்றும், மீசையைக் கொடுக்கும். வளர்ந்து முடிந்த இடுப்பெலும்பை மாற்றாது. ஆனால் நிலையத்தில் காணாமல் போன பெண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண் பட்டியலும் பெண் பட்டியலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை, எங்கள் அப்பா அம்மா மாதிரி.

5. அடையாளம் கேட்டுப் பேப்பரில் வந்த செய்தியில், இடது தோளின் காறை எலும்பு முன்பே உடைந்து கோணலாகக் கூடியிருப்பதாகப் படித்தேன். நத்தம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து அண்ணன் உடைத்துக்கொண்டதும் அதுதான். கட்டுப் போட்டதை அவன் ஒழுங்காக வைத்திருந்தால்தானே.

6. ஓடிப்போய்ச் சொன்னோம். புகாரில் மகன் என்பதை மகள் என்று மாற்றிக் கொடுங்கள், மறுநாளே டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார்கள். அப்பா பேனாவை வாங்கவில்லை. "உசுரோட இருந்தப்ப குடுக்கல. இப்பக் குடுத்ததையும் திருப்பி வாங்கச் சொல்றீகளா?" என்றார். அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது.

7. அம்மா கடைசிவரை அவனைப் பழைய பெயரில்தான் கூப்பிட்டார். இப்போது தெருவில் யார் விசாரித்தாலும், "அது பொம்பளப்புள்ள எலும்பு. எம்புள்ள ஆம்பள. எங்கிட்டோ நல்லா இருக்கான்" என்கிறார். இதைக் கேட்க அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்று எனக்குத்தான் தெரியும்.

8. எப்படி இறந்தான், யாராவது காரணமா என்று கேட்கும் இடத்துக்கே நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை. மாதக் கடைசியில், உரிமை கோராத பெண் என்று எலும்புகளைப் புதைத்துவிடப் போகிறார்களாம். மூன்று முறை மனு கொடுத்து மூன்று ரசீது வாங்கியாயிற்று. இதற்கும் ரசீதுதான் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஆகவே, புகாரில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் சோதனைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். ரத்தம் தர அப்பாவும் நானும் தயார். ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பெண்ணை வேறொரு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து அவர்களைக் கண்டுபிடியுங்கள். ஒத்துப்போனால் ஜெரின், ஆண் என்று எழுதி எங்களிடம் கொடுங்கள். வீட்டு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டாம், அம்மா எடுத்துவிடுவார். என் எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

இடம்: திண்டுக்கல்
நாள்: 13.10.2025

இப்படிக்கு,
ஜெரினின் தங்கை,
அ. வினோலியா